20 மோலா, 12 மோலா... எது முதலில் தீரும்? பிளஸ் 1 வேதியியல் கணக்கு - எளிய விளக்கம்

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் என்றாலே சின்ன வெங்காயம்தான். அந்தக் காட்டுக்குப் போடும் யூரியாவை வைத்தே, பிளஸ் 1 மாணவர்கள் தடுமாறும் ‘வினைக்கட்டுப்பாட்டுக் காரணி’ கணக்கைப் போட்டுப் பார்த்திடலாம்.

கணக்கு என்ன?

340 கிராம் அம்மோனியாவும் 528 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வினைபுரிந்தால் எவ்வளவு யூரியா கிடைக்கும்?

சமன்பாட்டின்படி, 2 மோல் அம்மோனியா + 1 மோல் கார்பன் டை ஆக்சைடு = 1 மோல் யூரியா + 1 மோல் தண்ணீர்.

முதலில் கிராமை மோலாக மாத்துங்க.

அம்மோனியா: 340 ÷ 17 = 20 மோல்
கார்பன் டை ஆக்சைடு: 528 ÷ 44 = 12 மோல்

தப்பு எங்கே நடக்குது?

“12 தானே குறைவு, அதுதான் முதலில் தீரும்” என்று எழுதினால் விடை 720 கிராம் என வரும். அது தப்பு. 12 மோலும் தீர 24 மோல் அம்மோனியா வேணும், இருப்பதோ 20.

சரியான வழி: மோலை சமன்பாட்டில் உள்ள எண்ணால் வகுக்கணும்.

20 ÷ 2 = 10
12 ÷ 1 = 12

10 தான் குறைவு. எனவே அம்மோனியாவே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி.

விடை என்ன?

யூரியா: 10 × 60 = 600 கிராம்
மிச்சம்: 2 மோல் கார்பன் டை ஆக்சைடு, அதாவது 88 கிராம்

சரிபார்ப்பது எப்படி?

போட்டது 340 + 528 = 868 கிராம். வந்தது யூரியா 600, தண்ணீர் 180, மிச்சம் 88. கூட்டினால் அதே 868!

வெங்காயக் காட்டிலும் ஏறக்குறைய இதே கதைதான். சாம்பல் சத்து பற்றாத மண்ணில் யூரியாவை மட்டும் கூட்டினால் விளைச்சல் கூடாது. மண் பரிசோதனை செய்யச் சொல்வது அதனால்தான்.