பேசாத பிள்ளைக்கும் படிப்படியாகப் பழக்கலாம்



“மூணு வயசாச்சு, இன்னும் ‘அம்மா’ன்னு கூப்பிடலையே” என்று ஏங்கும் வீடுகள் பல. பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்பாது. பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்டால் ஓடி வரும். பொம்மை வண்டியை ஓட்டாது. கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். வேண்டியதை விரலால் காட்டாது. நம் கையை இழுத்துப் போய் அதன்மேல் வைக்கும். இந்தக் குறிகள் சேர்ந்து இருந்தால் அது ஆட்டிசமாக இருக்கலாம்.

ஆட்டிசம் எதனால் வருகிறது?

அது தொற்றுநோய் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பிறக்கும் முன்பே தொடங்கிவிடுவது. 1943இல் லியோ கானர் என்ற டாக்டர் இதை விவரித்து எழுதினார். தாய்க்குப் பாசம் குறைந்ததால் வருகிறது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுண்டு. அது தவறு என்று பின்னால் தெளிவாகிவிட்டது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் கிளம்பிய கட்டுரையும் பொய்யாகிப் போய், அதை அச்சிட்ட பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. கிரகணமும் காரணமல்ல, முன்வினையும் காரணமல்ல. ஆகவே “உன் வீட்டு வழியில் வந்தது” என்று கணவன் மனைவியைக் குத்திப் பேசுவதால் யாருக்கும் பயனில்லை. அந்த நேரம் பிள்ளைக்குச் சேர வேண்டிய நேரம்.

ஆட்டிசத்தையே போக்கும் மாத்திரை கிடையாது. வலிப்போ தூக்கமின்மையோ கூட இருந்தால் அதற்கு டாக்டர் மருந்து தருவார். “ஆறு மாசத்துல பூரண குணம்” என்று சொல்பவரை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். பலன் தருவது பயிற்சி. அதில் முக்கியமானது நடத்தைப் பயிற்சி.

நடத்தைப் பயிற்சி என்றால் என்ன?

ஒரு காரியத்தைச் செய்து நல்லது கிடைத்தால், எந்தப் பிள்ளையும் அதை மறுபடி செய்யும். இதுதான் அடிப்படை. பிள்ளை அடம் பிடிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: முன்னே என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னே அதற்கு என்ன கிடைத்தது.

ஒரு நான்கு வயதுப் பையன் பெட்டிக்கடையைக் கண்டதும் தரையில் விழுந்து புரளுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் பார்க்கிறார்களே என்று அம்மா மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். பையன் கற்றது என்ன? புரண்டால் மிட்டாய் கிடைக்கும். அவனிடம் பேச்சு இல்லை. புரளுவதுதான் அவனுக்குப் பேச்சு. அதை நிறுத்த வேண்டுமானால் வேறொரு பேச்சைக் கொடுக்க வேண்டும். கையை நீட்டிக் கேட்கப் பழக்குங்கள். அல்லது மிட்டாய்ப் படம் ஒன்றை எடுத்துக் கொடுக்கப் பழக்குங்கள். வீட்டில் அமைதியான நேரத்தில் தொடங்குங்கள். முதலில் அவன் கையைப் பிடித்து நீங்களே செய்வியுங்கள். செய்ததும் அந்த நொடியே பொருளைக் கொடுத்து, “சபாஷ் கண்ணு, கேட்டுட்டியே!” என்று மெச்சுங்கள். நாளாக ஆக உங்கள் கையை மெல்ல விலக்கிக்கொள்ளுங்கள்.

புரண்டு அழுதால் கொடுக்கக் கூடாது. முதல் சில நாள் அழுகை கூடும், பயப்படாதீர்கள். தலையை மோதிக்கொள்ளாமல் மட்டும் காத்துக்கொள்ளுங்கள். அம்மா மறுத்ததைப் பாட்டி இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டால், “இன்னும் கொஞ்சம் அழுதா கெடைக்கும்” என்றுதான் பிள்ளை கற்கும். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடப்பது முக்கியம்.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்

கால்சட்டை போடுவது நமக்கு ஒரு வேலை. இந்தப் பிள்ளைக்கு அது ஐந்தாறு வேலை. முழங்கால்வரை நீங்கள் போட்டுவிட்டு, இடுப்புக்கு ஏற்றும் கடைசி வேலையை மட்டும் அவனிடம் விடுங்கள். அது பழகியதும் அதற்கு முந்தியதை விடுங்கள். ஒவ்வொரு முறையும் “முடிச்சிட்டோம்” என்ற சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கும். கை கழுவவும், சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கவும் இப்படியே பழக்கலாம்.

பரிசு தின்பண்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊஞ்சல் ஆட்டுவது, கிச்சுகிச்சு மூட்டுவது என்று உங்கள் பிள்ளைக்கு எது பிரியமோ அதுவே பரிசு. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்க வேண்டாம். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் பத்துப் பத்து நிமிடம் செய்தாலே நாள் முடிவில் நிறைய ஆகும்.

இதில் பலன் உண்டா?

அமெரிக்காவில் ஐவர் லோவாஸ் என்பவர் சிறு குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் வரை பயிற்சி தந்து, 1987இல் பலனை வெளியிட்டார். அவர் சொன்ன அளவு முன்னேற்றம் எல்லாக் குழந்தைக்கும் வராது என்று பிறகு தெரிந்தது. அன்று அந்த முறையில் தண்டனையும் கலந்திருந்தது. இன்று நல்ல பயிற்சியாளர் யாரும் அடிப்பதில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும், பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளையின் போக்கைக் கவனித்து, அதற்கேற்பப் பேசி விளையாடும் பயிற்சி அது. 65 குழந்தைகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற வீடுகளில் பிள்ளைகள் தாமாகவே பெற்றோரை நாடுவது கூடியிருந்தது. நிறைய படித்தவர்தான் செய்ய முடியும் என்பதில்லை; நீங்களும் செய்யலாம்.

செய்யக் கூடாதவை

அடிப்பது, சூடு வைப்பது, கட்டிப் போடுவது கூடவே கூடாது. அடித்தால் பயம் வரும், பேச்சு வராது. கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது யாருக்கும் கெடுதல் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். முகத்தைப் பிடித்துத் திருப்பி “என்னைப் பார்” என்று வற்புறுத்த வேண்டாம். மேளத்துக்கும் வெடிக்கும் காதைப் பொத்திக்கொண்டு அலறினால் அது திமிர் அல்ல. அந்தச் சத்தம் அவனுக்கு உண்மையாகவே தாங்க முடியாதது. தள்ளிக் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. இந்தப் பிள்ளைகள் சொல்லாமல் வெளியே நடந்துவிடும். தண்ணீர் என்றால் பலருக்கு ஆசை. கிணற்றுக்கு மூடி போடுங்கள், வாசலுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் வையுங்கள், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வையுங்கள். காணவில்லை என்றால் முதலில் கிணற்றையும் குளத்தையும் பாருங்கள்.

எங்கே போவது?

ஒரு வயதில் பெயருக்குத் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் சுட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, வந்த பேச்சு நின்றுவிட்டது — இதில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். “அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்று காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசு மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். காது கேட்கிறதா என்று முதலில் சோதிப்பார்கள். பிறகு, அரசு மருத்துவமனையில் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்டிசமும் மாற்றுத்திறன். அதற்குச் சான்றும் அடையாள அட்டையும் உண்டு. நிராமயா திட்டத்தில் ரூ.1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு; மையத்தில் கேளுங்கள்.

அடுத்த குழந்தைக்கும் வருமோ என்று அஞ்சுவீர்கள். வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம். கட்டாயம் வரும் என்பதில்லை. டாக்டரிடம் பேசி, இடைவெளி விட்டு இருவரும் கலந்து முடிவு செய்யுங்கள். அந்த இடைவெளி இந்தப் பிள்ளைக்கும் உதவும்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும். அப்பா ஒரு வேளை, அம்மா ஒரு வேளை என்று பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இந்த மாதம் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு இன்றே தொடங்குங்கள்.