கேஸ் போச்சா, மெஷினே போச்சா?

சித்திரை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அரியலூரிலிருந்து என் தங்கை போன் செய்தாள். அழாத குறைதான்.

"அக்கா, ஏ.சி. குளிரவே மாட்டேங்குது. பாப்பாவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ராத்திரி பூரா சிணுங்குறா. மெக்கானிக் வந்து பார்த்தாரு. உள்ளே கேஸே இல்லையாம். அந்த கேஸை கவர்ன்மெண்டே தடை பண்ணிட்டாங்களாம். புது மெஷின்தான் வாங்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வளையலை வெச்சு வாங்கிடலாமான்னு உங்க மச்சான் கேக்கிறாரு."

எனக்குப் பகீரென்றது. ஆனால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் அடிபட்டவள். இரண்டு கோடைக்கு முன்பு பெரம்பலூரில் எங்கள் வீட்டு ஏ.சி.யையும் மாற்றினோம். அப்போது நாலு பேரைக் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டது இப்போது கைகொடுத்தது.

"வளையல் கையிலேயே இருக்கட்டும். வெளியிலே மாட்டியிருக்கிற பெட்டியிலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதை முதல்லே படிச்சுச் சொல்லு" என்றேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஏ.சி. இருந்தால் இதைப் படித்து முடித்ததும் போய் அந்தச் சீட்டைப் பாருங்கள். ஆர் என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். 22, 410ஏ, 32, 290 இவற்றில் ஒன்றாக இருக்கும். எவ்வளவு கேஸ் என்று கிராம் கணக்கும் இருக்கும். அந்த எண்ணில்தான் நம் வீட்டுச் செலவின் ரகசியமே இருக்கிறது.

தங்கை வீட்டுச் சீட்டில் இருந்தது ஆர்-22. 2014-இல் கல்யாணத்துக்குச் சீராக வந்த மெஷின்.

தடை என்றால் என்ன தடை?

வானத்தில் ஓசோன் என்று ஒரு குடை இருக்கிறது. சூரியனின் கெடுதலான கதிர்கள் நம் தோலிலும் கண்ணிலும் படாமல் காப்பது அதுதான். ஃப்ரிட்ஜிலும் ஏ.சி.யிலும் அடைத்த சில வாயுக்கள் மேலே போய் அந்தக் குடையை அரிக்கின்றன என்று விஞ்ஞானிகள் 1974-இலேயே எச்சரித்தார்கள். 1985-இல் தென் துருவத்தின் மேலே ஓட்டை விழுந்திருப்பதும் தெரிந்தது. 1987-இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் உலக நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது.

முதலில் போனவை பழைய ஃப்ரிட்ஜ்களில் இருந்த சி.எஃப்.சி. வாயுக்கள். அடுத்த வரிசையில் நின்றது நம் ஆர்-22. இது ஓசோனுக்குச் செய்யும் கெடுதல் சி.எஃப்.சி.யைவிடக் குறைவு. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் பொல்லாதது. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், நூறு வருஷக் கணக்கில் பார்க்கும்போது 1,810 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம்!

அதனால் நம் நாட்டில் இதைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள். 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாக வைத்து, 2015-இல் 10 சதவீதம், 2020-இல் 35 சதவீதம், 2025-இல் 67.5 சதவீதம் என்று குறைப்பு. 2025 ஜனவரி முதல் இந்தியாவில் புது ஏ.சி. தயாரிக்க ஆர்-22 கிடையாது. 2030-இல் அநேகமாக முழுவதும் நிறுத்தம். ஆனால் ஏற்கெனவே வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களைப் பழுது பார்ப்பதற்காக மட்டும், சராசரியாக 2.5 சதவீதம், 2040 வரை அனுமதி உண்டு.

பார்த்தீர்களா? தடை புது மெஷின் தயாரிப்புக்குத்தான். உங்கள் வீட்டுப் பழைய மெஷினை ஓட்டக் கூடாது என்றோ, அதற்கு கேஸ் அடைக்கக் கூடாது என்றோ சட்டம் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2020-லிருந்து ஆர்-22 புதிதாகத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் தடை. அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லும் செய்தி இங்கே வந்து சேரும்போது நம் ஊர்ச் சட்டமாகிவிடுகிறது!

ஆனால் மெக்கானிக் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. சரக்கு குறையக் குறைய விலை ஏறத்தானே செய்யும்? அடிக்கடி கேஸ் அடைக்கிற பழைய மெஷினை வைத்திருப்பவருக்கு இனிமேல் வருஷா வருஷம் செலவு கூடும்.

கேஸ் தீருமா?

சமையல் கேஸ் மாதிரி இதுவும் தீர்ந்து போகும் என்று பலர் நினைக்கிறார்கள். "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் அடிக்கணும்" என்பது நம் பக்கம் வேதவாக்கு. இது சரியே இல்லை. ஏ.சி.யில் இருக்கும் கேஸ் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. அறையின் சூட்டை வாங்கி வெளியே கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. குழாயில் ஓட்டை இல்லாவிட்டால் பத்து வருஷமானாலும் குறையாது. கேஸ் போயிற்று என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

தங்கை வீட்டுக்கு, அரசின் பயிற்சித் திட்டத்தில் படித்துச் சான்றிதழ் வாங்கிய வேறொரு தம்பியை வரவழைத்தோம். அவர் உள்ளே நைட்ரஜனை அழுத்தத்தோடு ஏற்றினார். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினார். பித்தளை நட்டு இருந்த இடத்தில் குமிழி குமிழியாக வந்தது! "அக்கா, காயில் நல்லாத்தான் இருக்கு. குழாய் முனைதான் வெடிச்சிருக்கு" என்றார். முனையை வெட்டி, புதிதாக விரித்து, நட்டு மாற்றி, வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். பிறகு தராசில் வைத்து, சீட்டில் இருந்த அளவுக்கு ஆர்-22 அடைத்தார்.

வளையல் தப்பியது. அந்தக் கம்ப்ரஸர் இன்னும் சில கோடை தாங்கும் என்று அவர் சொன்னதில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

எப்போது மாற்றத்தான் வேண்டும்?

எங்கள் பெரம்பலூர் வீட்டுக் கதை வேறு. எங்கள் மெஷினில் காயிலே அரித்துப் பல இடத்தில் பொத்துவிட்டது. அடைத்த மூன்று மாதத்தில் மறுபடி கசிந்தது. கம்ப்ரஸரும் முனக ஆரம்பித்தது. அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல், வெயில் ஏறினால் மயக்கம் வரும். இனியும் தள்ளிப்போட முடியாது என்று மாற்றினோம்.

நான் கற்றுக்கொண்ட கணக்கு இதுதான். கசிவு இணைப்பில் இருந்து, கம்ப்ரஸர் நன்றாக இருந்தால் பழுது பாருங்கள். காயில் அரித்துவிட்டது, அல்லது கம்ப்ரஸர் போய்விட்டது என்றால் ஆர்-22 மெஷினில் பெரிய பணத்தைப் போடாதீர்கள். அந்தப் பணத்தைப் புது மெஷினுக்கு முதலாக வையுங்கள்.

கரண்டு கணக்கையும் பாருங்கள். பழைய ஒன்றரை டன் மெஷின் கம்ப்ரஸர் ஓடும்போது மணிக்குச் சுமார் 1.7 யூனிட் இழுக்கும். புது ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் சுமாராக ஒரு யூனிட். தினம் ஆறு மணி நேரம் ஓடினால் நாளைக்கு 4 யூனிட் மிச்சம். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பில் வருகிறது. அறுபது நாளில் 240 யூனிட் ஆயிற்றே! யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறுவதால், மிச்சமாவது மேல்தட்டு யூனிட்கள்தான். ஆனால் வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் ஓட்டுகிற வீட்டில் இந்த மிச்சத்தை நம்பி அவசரமாக மாற்ற வேண்டியதில்லை.

புதிது வாங்கும்போது கேட்க வேண்டியவை

வரி முதலில். ஏ.சி.க்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆயிற்று. வரிக்கு முன் 30,000 ரூபாய் என்றால் முன்பு 38,400. அதன் பிறகு 35,400. மூவாயிரம் லாபம். நான் வாங்கியது அதற்கு முன்பு. என் தலையெழுத்து!

அடுத்தது கேஸ். இப்போது கடைகளில் அதிகமாக இருப்பது ஆர்-32. ஓசோனைத் தொடாது, சூடாக்கும் கணக்கும் 675 தான். ஆர்-410ஏ-க்கு அது 2,088. இவற்றையும் குறைக்க 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் இன்னோர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா 2021-இல் ஒப்புக்கொண்டது. நமக்கு 2028-இல் உச்சவரம்பு, 2032-இல் 10 சதவீதக் குறைப்பு, 2047-இல் 85 சதவீதம். ஆகவே இன்று வாங்கும் ஆர்-32 மெஷின் அதன் ஆயுள் முடிகிற வரை கேஸுக்குத் திண்டாடாது. பயப்படாமல் வாங்கலாம்.

மூன்றாவதுதான் நம்மை ஏமாற்றுகிற இடம். விளம்பரத்தில் உள்ள விலை மெஷினுக்கு மட்டும். ஆர்-32 ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஓடுவது, எண்ணெயும் வேறு. அதனால் பழைய செம்புக் குழாயை அப்படியே மாட்டாமல் புதிதாகப் போடுவதே நல்லது. குழாய் அடிக்கு இவ்வளவு, ஸ்டாண்டு, வயர், ஸ்டெபிலைசர், பொருத்துக் கூலி, பழையதைக் கழற்றும் கூலி எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய மெஷினுக்கு என்ன தருவார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். அதில் செம்பும் அலுமினியமும் இருக்கின்றன. சும்மா கொடுக்க வேண்டாம். கழற்றும்போது கேஸைக் காற்றில் விடாமல் வெளிப்பெட்டிக்குள் இழுத்து வால்வை மூடச் சொல்லுங்கள்.

குழந்தை படுக்கும் அறை என்பதால்

விலை மலிவு என்று ஆர்-22 மெஷினில் வேறு கேஸ் அடைக்க விடாதீர்கள். ஆர்-32 இலேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. ஆர்-290 என்பது புரொப்பேன், நம் சமையல் கேஸின் பங்காளி, நன்றாகவே பிடிக்கும். அவற்றுக்கென்றே செய்த மெஷினில் குறைந்த அளவும் பாதுகாப்பும் பார்த்து வைத்திருக்கிறார்கள். பழைய மெஷினில் அடைத்தால் ஆபத்து நம் தலையில். சிலிண்டரின் மேல் எழுதியிருப்பதை நீங்களே படியுங்கள்.

புது மெஷினோடு வரும் புத்தகத்தில் அறை எத்தனை சதுர அடி இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். சின்ன அறையில் பெரிய மெஷின் வேண்டாம். கசிவு என்று சந்தேகம் வந்தால் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். தீக்குச்சி, கொசுவத்தி எதுவும் கூடாது.

24 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டாம். 2020 முதல் ஸ்டார் முத்திரை உள்ள ஏ.சி.களைப் போட்டதும் 24-இலேயே தொடங்கும்படி விதி இருக்கிறது. காற்று குழந்தையின் முகத்தில் நேராக அடிக்காமல் மேல் பக்கம் திருப்பி விடுங்கள்.

செலவில்லாத வைத்தியம்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற சாலையில் தூசிக்குச் சொல்லவா வேண்டும்! வெளிப்பெட்டியில் அது அப்பிக்கொண்டால் சூடு வெளியேறாமல் கம்ப்ரஸர் திணறும். கேஸ் சரியாக இருந்தாலும் குளிராது. மெயினை அணைத்துவிட்டு மெல்லிய தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாமே குழாயடியில் அலசி உலர்த்தலாம்.

இன்னொன்று. நம் வீட்டு மொட்டை மாடி பகலெல்லாம் வெயிலை வாங்கி ராத்திரி அறைக்குள் இறக்குகிறது. தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மெஷினுக்கும் வேலை குறையும்.

இதையெல்லாம் சித்திரையில் செய்யாதீர்கள். அப்போது மெக்கானிக் கையில் விழுந்து கெஞ்ச வேண்டும். மாசியிலேயே ஒரு நாள் ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள். கேஸ் கசிந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். நிதானமாக நாலு பேரிடம் விலை கேட்கலாம்.

போன வாரம் தங்கை மறுபடி போன் செய்தாள். மெல்லப் பேசினாள். "ஏண்டி, உடம்பு சரியில்லையா?" என்றேன். "இல்லேக்கா, பாப்பா தூங்குறா" என்றாள்.