இரும்பைத் தொடுமுன் இடுப்பை அளப்போம்

எஸ்பியர்க் நகரின் சேடிங் கடற்கரையில் நான்கு வெள்ளை மனிதர்கள் கடலை நோக்கி அமர்ந்திருப்பதை இந்நகர்வாழ் தமிழர் யாவரும் அறிவர். ஸ்வென் வீக் ஹான்சன் என்னும் சிற்பியின் படைப்பாக 1995இல் நிறுவப்பட்ட அவ்வுருவங்கள் ஒவ்வொன்றும் ஒன்பது மீற்றர் உயரமானவை. வெளிநாடுகளிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துச் செல்வதும் அங்கேதான். அவர்களின் முழங்காலுக்கும் எட்டாத உயரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். எனினும், அவ்வுருவங்களோடு தன்னை ஒப்பிட்டு மனம் நொந்தவர் எவருமிலர். ஆனால் அதே நகரின் உடற்பயிற்சிக் கூடமொன்றினுள் காலடி வைத்ததும் எம்மவர் பலரின் நிதானம் தடுமாறிவிடுகின்றது.

இதை எழுதுபவனும் தடுமாறியவனே. ஐம்பது வயதைக் கடந்த நிலையில், மாரிகாலம் ஒன்றின் தொடக்கத்தில் கூடத்தில் சேர்ந்தேன். சுவரில் மாட்டியிருந்த படமொன்றில் ஆறடிக்கு மேற்பட்ட டெனிஷ் இளைஞன் ஒருவன் மார்பை விரித்து நின்றான். மூன்று மாதத்தில் அதில் அரைவாசியாவது வந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் கணக்கிட்டேன். ஐந்தாம் கிழமை தோள்மூட்டில் வலி எடுத்தது. ஏழாம் கிழமையோடு கூடத்துக்குப் போவதை நிறுத்தினேன். கட்டிய பணம் மட்டும் ஓராண்டுக்குத் தவறாது வங்கியிலிருந்து போய்க்கொண்டிருந்தது!

மீண்டும் என்னை அங்கே அனுப்பியது குடும்ப வைத்தியர் காட்டிய இரத்தப் பரிசோதனை முடிவு. நீரிழிவின் எல்லைக்கோட்டில் சர்க்கரை நின்றது. எனக்கோ வியப்பு. எனது உயரம் 165 சென்ரிமீற்றர், நிறை 67 கிலோ. உயரத்தின் வர்க்கத்தால் நிறையைப் பிரித்துப் பெறும் உடல் நிறைச் சுட்டெண் 24.6. இருபத்தைந்துக்குக் கீழே இருந்தால் நலம் என்றல்லவா பொதுவான அட்டவணை சொல்கிறது? வைத்தியர் தராசைப் பார்க்கவில்லை. அளவு நாடாவை எடுத்தார். இடுப்பு 96 சென்ரிமீற்றர்!

இங்கேதான் எம்மவர் அறியவேண்டிய உண்மை ஒன்று இருக்கின்றது. ஒரே உயரமும் ஒரே நிறையும் கொண்ட ஐரோப்பியர் ஒருவரையும் தெற்காசியர் ஒருவரையும் எடுத்துக்கொண்டால், பொதுவாகத் தெற்காசியரின் உடலில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றைச் சுற்றியே சேர்கின்றது. மெல்லியராய்த் தோன்றுபவரிடமும் இந்நிலை உண்டென்பதைப் பூனே நகர ஆய்வாளர் யாஜ்னிக் நீண்டகாலமாக எடுத்துக்காட்டி வந்துள்ளார். இக்காரணத்தால் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23 என்ற சுட்டெண்ணிலேயே விழிப்புத் தேவை என 2004இல் குறிப்பிட்டது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் இடுப்பின் எல்லையாக வகுத்துள்ளது. அளக்கும்போது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளத்தல் வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்து அளந்து யாரை ஏமாற்றப் போகிறோம்?

ஆகவே எமது உடலுக்கு முதலாவது தேவை நிறையைக் குறைப்பதன்று, தசையைக் கூட்டுவது. உண்ட சோற்றின் சர்க்கரையைப் பெருமளவில் உள்வாங்கிக்கொள்வது தசையே. பட்டினி கிடந்து நிறையை இறக்குபவர் கொழுப்போடு தசையையும் இழக்கின்றார். பாரப்பயிற்சி செய்பவரின் தராசு முள் அசையாமலே நிற்கலாம். ஆனால் உள்ளே மாற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு மாற்றம் என்பதே அடுத்த வினா. முதல் இரு மாதங்களில் கூடும் பலத்தின் பெரும்பகுதி நரம்புகள் தசைகளை இயக்கப் பழகுவதால் வருவது. கண்ணாடியில் அது தெரியாது. பெரும்பாலானோர் கைவிடுவதும் இக்கட்டத்திலேதான். ஆண்கள் மீதான பல ஆய்வுகளைத் திரட்டி 2020இல் வெளியான கணிப்பின்படி, பயிற்சியால் சராசரியாகக் கூடிய தசை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ மட்டுமே. அந்தச் சராசரியும் எல்லோருக்கும் பொருந்தாது. ஓர் ஆய்வில் 585 பேருக்கு ஒரு கையை மட்டும் 12 கிழமைகள் ஒரேவிதமாகப் பயிற்றுவித்துப் பார்த்தனர். சிலருடைய தசை சற்றும் பெருக்கவில்லை. ஒருவருக்கு 59 வீதம் பெருத்தது. 2005இல் வெளியான இவ்வாய்வை நான் முன்னரே அறிந்திருந்தால், பக்கத்துப் பலகையில் படுத்துப் பாரம் தூக்கியவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கமாட்டேன்.

எம் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. இங்கு பிறந்து வளர்ந்த இளைஞன், தன்னிலும் ஒரு சாண் உயர்ந்த டெனிஷ் நண்பர்களோடு கூடத்துக்குப் போகின்றான். கைத்தொலைபேசியில் நாள் முழுதும் காண்பதோ ஒளியமைத்து எடுத்த உடல்கள். அவற்றுட் சில ஊசியால் ஊதியவை. “அங்கிள், மூன்று மாதத்தில் இப்படி வருமா?” என்று ஒருவன் என்னிடம் படம் காட்டிக் கேட்டான். வராது என்றேன். வரவைக்கும் மருந்து உண்டென்று யாராவது காதில் ஓதக்கூடும். ஸ்ரெரொயிட் முதலியவற்றை மருத்துவத் தேவையின்றி வைத்திருப்பதே டென்மார்க்கில் 1999இன் சட்டப்படி குற்றம் என்பதையும், இருதயத்தையும் விந்து உற்பத்தியையும் அவை கெடுக்கும் என்பதையும் பெற்றோர் வெட்கப்படாமல் பேசவேண்டும்.

அவனுக்கு மனோகர் ஐச் என்ற வங்காளியின் கதையைச் சொன்னேன். உயரம் நாலடி பதினொரு அங்குலம். ஆங்கிலேயர் ஆட்சியில் சிறைப்பட்டிருந்தபோது பயிற்சியில் தீவிரமாக ஈடுபட்டவர். 1952இல், நாற்பது வயதளவில், குள்ளமானோர் பிரிவில் பிரபஞ்ச ஆணழகன் பட்டம் பெற்றார். நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2016இல் மறைந்தார். அவர் உயரத்தைக் கூட்ட முயலவில்லை. உள்ள எலும்பின்மேல் எதைக் கட்டமுடியுமோ அதைக் கட்டினார். பையன் அவர் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு நீண்டநேரம் பேசவில்லை.

பெண்கள், “பாரம் தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோம்” என அஞ்சுகின்றனர். அதற்கு வேண்டிய சுரப்பு பெண்ணுடலில் மிகச் சிறிதளவே உண்டு. கிணற்றில் துலா மிதித்தும் உலக்கை பிடித்தும் வாழ்ந்த எம் பாட்டிமார் எவரும் ஆணாகிவிடவில்லை. மாதவிடாய் நின்றபின் தேயும் எலும்புக்குப் பாரப்பயிற்சி நல்ல துணை. இன்னொன்று: கருந்தோலுடைய எமக்கு இந்நாட்டு மாரிகாலத்தில் விற்றமின் டி குறைந்துவிடுகின்றது. தொடைகள் சோர்ந்து படியேற முடியாதிருந்தால், அதைச் சோம்பல் என்று எண்ணாமல் வைத்தியரிடம் கேட்பது நன்று.

அகதியாய் வந்து மீன் தொழிற்சாலைகளிலும் துப்புரவுப் பணியிலும் முதுகை வளைத்த முதற் தலைமுறை இன்று ஓய்வூதிய வயதை நெருங்கிவிட்டது. “இனி என்ன பயிற்சி?” என்போர், கொப்பன்ஹேகனில் அவ்வயதினர் 451 பேரைக் கொண்டு நடந்த ஆய்வை அறிதல் தகும். ஓராண்டு, கிழமைக்கு மூன்று நாள் கடும் பாரப்பயிற்சி செய்தவர்களின் கால்பலம் நான்காண்டுகளின் பின்னரும் தொடக்கத்தில் இருந்த அளவிலேயே நின்றது; பயிற்சி செய்யாதோருக்குக் குறைந்துவிட்டது. 2024இல் இம்முடிவு வெளியாயிற்று.

இரண்டாம் முறை கூடத்துக்குப் போனபோது நான் படத்தைப் பார்க்கவில்லை. மூன்றே விடயங்களைக் குறிப்பேட்டில் எழுதினேன். ஓராண்டில் இடுப்பை 90க்குக் கொண்டுவருவது; கையூன்றாமல் குந்தி எழுவது; 20 கிலோ அரிசி மூட்டையை நிற்காமல் மூன்றாம் மாடிக்குச் சுமப்பது. கிழமைக்கு இருநாள் மட்டும் போனேன். இரவுச் சோற்றை அரைவாசியாக்கி, மீனையும் பருப்பையும் கூட்டினேன். இதில் மனைவியோடு சில மாதங்கள் மனத்தாங்கல் இருந்ததை மறைப்பதற்கில்லை.

ஆண்டு முடிவில் நிறை 66 கிலோ. ஒரேயொரு கிலோ! இடுப்பு 91. குந்தி எழ முடிகின்றது. அரிசி மூட்டை சென்ற தைப்பொங்கலுக்கு முதல்நாள் நிற்காமல் மேலே போயிற்று. கதவைத் திறந்த மனைவி மூட்டையைப் பார்த்தாரேயன்றி என்னைப் பார்க்கவில்லை. மீதமுள்ள ஒரு சென்ரிமீற்றருக்காக இன்னும் போய்வருகின்றேன். மார்ச் மாதத்தில் மீண்டும் இரத்தப் பரிசோதனை.