துருவேறிய அச்சு: பழைய புல்லட்டை மீட்க விரும்புவோருக்கு

பாலக்காடு மாவட்டத்தின் வாளையார், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரங்களிலும், இடுக்கி மாவட்டத்தின் குமுளி, போடிமெட்டு, மறையூர், மூணாறு பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவ்வீடுகளுள் சிலவற்றின் கொட்டகையில் தந்தையார் காலத்துப் புல்லட்டோ, ஜாவாவோ, எஸ்டியோ சாக்குப்படுதாவுக்குள் நிற்பதைக் காணலாம். சென்னையை அடுத்த திருவொற்றியூரில், 1955இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட்டுகளை உருவாக்கியது. மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை ஜாவாவையும் எஸ்டியையும் தந்தது. மலைப்பாதை ஏற்றங்களுக்கு இவ்வண்டிகளை நம்பியவர்கள் ஏராளம்.

தந்தையாரின் மறைவுக்குப் பின் வண்டியைத் தம் பெயருக்கு மாற்றி மீண்டும் ஓட்ட விரும்பும் மகன் முதலில் பிரேக்கைச் சீரமைக்க வேண்டும். அதற்குப் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பல ஆண்டுகள் நின்றுபோன வண்டியில் அங்கேதான் தடை எழுகிறது. நட்டு கழன்றுவிடும்; ஆனால் அச்சு அசையாது.

காரணம் எளியது. அச்சு, சட்டத்தின் பின்கையாகிய ஸ்விங் ஆர்ம், இடைக்குழாயாகிய ஸ்பேசர், பேரிங்கின் உள்வளையம் ஆகியவற்றின் ஊடே நெருக்கமாகச் செல்கிறது. இவற்றுக்கிடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குகளே. இடவப்பாதி மழையும் துலாவர்ஷமும் ஈரத்தைப் புகுத்த, இரும்பு துருவாக மாறுகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அச்சு ஆப்பு அடித்தாற்போல இறுகிவிடுகிறது.

இந்நிலையில் பலரும் உடனே சுத்தியலை எடுக்கின்றனர். இலேசான சுத்தியலால் பலமுறை அடித்தால், அச்சின் முனை காளான்போல் விரிந்து, பின் எந்தத் துளை வழியாகவும் வெளிவர மறுக்கும். அடியின் வேகம் பேரிங்கையும் ஸ்விங் ஆர்மையும் சேதப்படுத்தும். எனவே வரிசை முக்கியம்.

முதலில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, பிரேக் கம்பியையும் சங்கிலியையும் விடுவிக்கவும். சங்கிலியைச் சரிசெய்யும் கேம்களின் நிலையைப் படம் எடுத்துக்கொள்ளவும். அச்சின் மரையைக் கம்பித் தூரிகையால் துடைத்து, துருவில் ஊடுருவும் எண்ணெயை இருபுறமும் காலையும் மாலையுமாக மூன்று நான்கு நாள்கள் இடவும். பிரேக் டிரம்மிற்குள் எண்ணெய் கசியாமல் பார்த்துக்கொள்வது அவசியம். எண்ணெய் நனைந்த பிரேக் ஷூ மலை இறக்கத்தில் உயிருக்கே ஆபத்தாகும்.

அடுத்து, அச்சை வெளியே தள்ள முயலாமல் சுழற்ற முயலவும். அச்சின் தலையில் ஸ்பானரைப் பூட்டி, இப்புறமும் அப்புறமும் சிறிதளவே திருப்பவும். சுழலத் தொடங்கினால் துருவின் பிடி உடைந்துவிட்டது என்று பொருள்.

அசையவில்லையெனில் வெப்பம் உதவும். உருக்கு, வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் உயரும்போது, 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில் ஏறத்தாழ 0.018 மில்லிமீட்டர் விரிகிறது. இவ்விரிவு துருவின் பிடியைத் தளர்த்தப் போதுமானதாக அமையலாம். சுடவேண்டியது அச்சைச் சூழ்ந்த பாகத்தையே. அச்சைச் சுட்டால் அதுவும் விரிந்து மேலும் இறுகும். இதற்குமுன் பெட்ரோல் டாங்கைக் கழற்றி அகற்றுவதும், எண்ணெயை நன்கு துடைப்பதும், அருகில் தீயணைப்பானை வைத்திருப்பதும் கட்டாயம். வெப்பத்தில் பேரிங்கின் கிரீஸ் உருகிவிடும் என்பதால் பேரிங்குகளைப் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

அடிக்கும் நிலை வந்தால், நட்டை அச்சின் முனைக்குச் சமமாகத் திருகி மரையைக் காக்கவும். இடையே பித்தளைத் துண்டை வைத்து, கனமான சுத்தியலால் சில அழுத்தமான அடிகள் மட்டும் கொடுக்கவும். அச்சு வெளியேறும் பக்கத்தில், அதற்கு வழிவிட்டு, ஸ்விங் ஆர்முக்கு மரக்கட்டையால் முட்டுக்கொடுக்கவும். அச்சு சிறிது நகர்ந்ததும் நட்டைக் கழற்றிவிட்டு, மரையைவிட மெல்லிய பித்தளைக் கம்பியால் தள்ளி வெளியேற்றலாம்.

இவை யாவும் தோற்றால் கடைசி வழி, ஸ்விங் ஆர்முக்கும் ஹப்புக்கும் இடையே இருபுறமும் ஹாக்சா பிளேடால் அச்சை அறுப்பது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அச்சு எளிதில் கிடைக்கும் உதிரிபாகம். பழைய ஹப்பும் சட்டமும் எளிதில் கிடைப்பவையல்ல. மலிவானதை இழந்து அரியதைக் காப்பதே சிக்கனம். ஆயினும் புதிய அச்சுக்குப் பதிலாகப் பட்டறையில் கிடைக்கும் சாதாரணக் கம்பியைக் கடைந்து போடக்கூடாது. பொருத்தமான உருக்கினால் ஆன உதிரிபாகமே பாதுகாப்பு. மீட்ட பழைய அச்சையே பயன்படுத்துவதானால், கண்ணாடிப் பலகைமேல் உருட்டி, வளைவு உண்டா எனச் சோதித்து, உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய கிரீஸ் பூசி மாட்டவும். ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் தொடங்குமுன், அச்சை வெளியே எடுத்துக் கிரீஸ் பூசினால் இச்சிக்கல் திரும்பாது.

வண்டி ஓடத் தொடங்குமுன் ஆவணங்களையும் பார்க்க வேண்டும். தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கொரு முறை சோதனைக்குப் பின் புதுப்பிக்கப்படும். உரிமையாளர் மறைந்தால், வாரிசு 30 நாள்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தகவல் தெரிவித்தால், மூன்று மாதங்கள் வரை வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயம்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்து மூல வடிவில் உள்ள வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனிப் பதிவு முறையை அறிவித்தது. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்திற்குப் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கே அனுமதி. தினமும் ஓட்ட எண்ணுவோர் வழக்கமான புதுப்பித்தலையே நாடவேண்டும்.

பழைய பதிவுச் சான்றில் வங்கிக் கடனின் பதிவு நீக்கப்படாமல் இருப்பதும் உண்டு. கடன் என்றோ அடைக்கப்பட்டிருப்பினும், அப்பதிவு நீங்காமல் பெயர் மாற்றம் தடைபடும். கடன் வழங்கிய வங்கிக் கிளையை அணுகி, தடையின்மைச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35-உம் பெற்று, பதிவு அலுவலகத்தில் அளிக்கவும். அச்சுக்கு எண்ணெய் ஊறும் அந்த மூன்று நான்கு நாள்களிலேயே இவ்வேலையையும் தொடங்கிவிடலாம்.