எல்லைக்கு வெளியே பூநாரைகள்

டோம்பிவிலியில் ரயிலேறி, தானேயில் மாறி, ஐரோலியில் இறங்கினால் தானே கழிமுகம் பக்கம்தான். கட்ச் பக்கமிருந்து குளிர்காலத்தில் வந்து சேற்றில் பாசி மேயும் பூநாரைகளை மும்பைவாசிகள் படகேறிப் பார்க்கிறார்கள். 2015இல் இங்கே சுமார் 17 சதுர கிலோமீட்டரைச் சரணாலயமாக்கியது மகாராஷ்டிர அரசு. 2022இல் சுற்றுப்பகுதியும் சேர்ந்து 6,521 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் ஏறியது. ஈரானின் ராம்சர் நகரில் 1971இல் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தம் அது. இந்தியா சேர்ந்தது 1982இல்.

சர்வதேச அந்தஸ்து சரி. ஆனால் ஒப்பந்தத்துக்கென்று போலீஸ் கிடையாது. காவல் உள்ளூர்ச் சட்டம்தான். அதுவும் எல்லைக்கோடு வரைதான். பறவைகளுக்கோ கோடு தெரியாது. கடல் ஏறினால் சேறு மூழ்கிவிடும்; கூட்டம் கூட்டமாக எழும்பி நவி மும்பையின் நெரூல், சீவுட்ஸ் பக்கத்து நீர்நிலைகளில் ஒதுங்கும். அங்கே கட்டடக்காரர்களுக்கும் ஒரு கண்.

2024இல் நெரூலின் டிபிஎஸ் ஏரிக்குக் கடல்நீர் வரும் வழி அடைபட்டது. ஏரி வறண்டது, பூநாரைகள் சில செத்துக் கிடந்தன. அந்த மே மாதமே காட்கோபர் வானில் விமானம் மோதி சுமார் 40 பறவைகள் விழுந்தன. சூழல் ஆர்வலர்களின் விடாத கூச்சலுக்குப் பின், 2025 ஏப்ரலில் அந்த ஏரியைப் பாதுகாப்புப் பகுதியாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்தது. சீவுட்ஸ் பக்கத்து மற்ற நீர்நிலைகள் அந்த ஒப்புதலில் இல்லை.