‘ஏற்கெனவே போட்டாச்சு’ என்றாலும்

பாகிஸ்தான்–ஆப்கானிஸ்தான் எல்லையில் டோர்காம், சமன் வாசல்களைக் கடக்கும் பிள்ளைகளுக்கு அங்கேயே போலியோ சொட்டு மருந்து கொடுத்து விரலில் மை வைக்கிறார்கள். 2019 முதல் பெரியவர்களுக்கும் உண்டு. “போன மாதம்தானே போட்டோம், மறுபடி எதற்கு?” என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான்.

பதில் குடலில் இருக்கிறது. போலியோ கிருமி மலத்தில் வெளியேறி, தண்ணீர் வழியாகவும் கை வழியாகவும் அடுத்தவர் வாய்க்குள் போகிறது. ஊசி, போட்டுக்கொண்ட பிள்ளையை முடங்காமல் காக்கும். குடலில் கிருமி பெருகுவதை அவ்வளவாகத் தடுக்காது. அந்த வேலையைச் சொட்டு மருந்துதான் செய்யும். வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் மிகுந்த ஊர்களில் ஓரிரு தவணை பிடிக்காமலே போகும், அதனால்தான் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். தொற்றியவர்களில் ஏறக்குறைய 200 பேருக்கு ஒருவர்தான் முடங்குகிறார். மற்றவர்கள் தெரியாமலே கிருமியை எல்லை தாண்டிக் கொண்டுபோகிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். மருந்து போடாத பிள்ளைகள் நிறைய உள்ள இடத்தில், சொட்டிலுள்ள வலுவிழந்த கிருமியே பரவிப் பரவி மாறி, அபூர்வமாக நோய் தரக்கூடும். ஒரு பிள்ளையும் விடாமல் போட்டு முடித்தால் அதற்கும் இடமில்லை.

மக்களின் சந்தேகம் சும்மா வந்ததல்ல. பின் லேடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, 2011-இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் போலியாக ஒரு தடுப்பூசி முகாம் நடத்தியது. மறு ஆண்டே வசீரிஸ்தானில் தாலிபான் தளபதிகள் சொட்டு மருந்துக்குத் தடை போட்டார்கள். 2014-இல் பாகிஸ்தானில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்குப் போலியோ. வீடு வீடாகப் போன ஊழியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வேவுக்கு மருத்துவ வேடம் போட்டவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

குழந்தை உரிமை உடன்படிக்கையைப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் இரண்டுமே ஏற்றிருக்கின்றன. அதன்படி, குடியுரிமைத் தாள் இல்லாத அகதிப் பிள்ளைக்கும் மருத்துவம் உரிமை, சலுகை அல்ல. மருந்துக்குக் காசு கிடையாது. குப்பியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்: அதன் மேலுள்ள வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது, நிறம் ஒன்றானாலோ இன்னும் கறுத்தாலோ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முடங்கிய காலைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கையோ காலோ துவண்டால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிராமல் அன்றே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். 14 நாளுக்குள் இரண்டு மல மாதிரி எடுத்தால்தான் போலியோவா என்பது உறுதியாகத் தெரியும்.