தேய்ந்த ரப்பர் எங்கே சென்றது?

புதிய மோட்டார் டயரை உற்று நோக்கினால், அதன் மேற்பரப்பில் ஆழ்ந்த வரிப்பள்ளங்கள் தோன்றும். சில ஆண்டுகள் ஓடியபின் அப்பள்ளங்கள் மறைந்துவிடும். ‘டயர் தேய்ந்துவிட்டது’ என்று கூறி வேறொன்று மாற்றிக்கொள்கிறோம். தேய்ந்த ரப்பர் எங்கே சென்றது என்று கேட்பவர் அரியர். பொருள் உருமாறுமேயன்றி அழிவதில்லை என்பது பள்ளியில் நாம் கற்ற பாடம் அன்றோ?

சக்கரம் சாலையில் உராயும்போதெல்லாம் டயரிலிருந்து நுண்துகள்கள் பிரிகின்றன. பிரேக்கும் சாலையின் மேற்பரப்பும் அவ்வாறே தேய்கின்றன. மிக நுண்ணியவை காற்றில் மிதந்து நம் மூச்சிற் கலக்கின்றன. பெரியவை சாலையிற் படிந்து, மழைநீரோடு ஓடைகளை அடைகின்றன. அங்கே விளையும் தீங்கை உலகிற்கு உணர்த்தியது ஒரு மீன்.

கோஹோ என்னும் சால்மன் மீன் ஓடையிற் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக மீண்டும் ஓடைக்கே திரும்புவது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரத்தார், 1990களில் பாழ்பட்ட ஓடைகளைச் செப்பனிட்டனர். மீன்களும் திரும்பி வந்தன. ஆயினும், இலையுதிர்கால மழை பெய்ததும் அவை நிலைதடுமாறி, வாய் பிளந்து, சில மணி நேரத்தில் மடிந்தன. முட்டைகள் தாய்மீனின் வயிற்றிலேயே கிடந்தன. சில ஓடைகளில், வந்த மீன்களுள் பாதிக்கு மேற்பட்டவை இவ்வாறு இறந்த ஆண்டுகளும் உண்டு.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் காரணம் புலப்படவில்லை. வாஷிங்டன் மாநிலத்து விஞ்ஞானிகள், டயர்த்துகள் ஊறிய நீரை ஆராய்ந்தனர். அதில் 2,000க்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் இருந்தன. அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மீன்குஞ்சுகளை விட்டுச் சோதித்தனர். எஞ்சிய நஞ்சு ஒன்றே. அதன் பெயரோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

விடை டயரிலேயே இருந்தது. காற்றிலுள்ள ஓசோன் வாயு ரப்பரைத் தாக்கி வெடிப்புறச் செய்யும். அதைத் தடுக்க ‘6 பி.பி.டி.’ என்னும் பொருளை ரப்பரிற் சேர்ப்பர். அது முன்சென்று ஓசோனை ஏற்று ரப்பரைக் காக்கிறது. அப்பொழுது அதன் மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை இழந்து, இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பெறுகிறது. இவ்வாறு உருமாறிய பொருளே மீனைக் கொன்ற நஞ்சு. இவ்வுண்மை 2020 டிசம்பரில் வெளியாயிற்று. பயணியைக் காக்கச் சேர்த்த பொருள் மீனுக்கு எமனாயிற்று!

அதை உடனே நீக்கிவிடலாமே எனில், டயர் விரைவில் வெடிப்புற்று மனித உயிருக்கு ஆபத்து நேரும். ஆகவே, தீங்கு குறைந்த மாற்றுப்பொருளை ஆராயுமாறு கலிபோர்னியா மாநிலம் 2023இல் டயர் உற்பத்தியாளருக்கு விதி செய்தது. எளிய பரிகாரமும் ஒன்று உண்டு. மணல், மக்கிய உரம், மரப்பட்டைத் துண்டு ஆகியவை கலந்த படுகையின் வழியே சாலைநீரை வடித்தபோது, அந்நீரில் மீன்கள் பிழைத்தன.

புகையற்ற மின்சார மோட்டார் வந்தால் இத்தொல்லை தீருமா? அதன் டயரும் தேயத்தான் செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய ‘யூரோ 7’ விதி, புகைக்கு மட்டுமன்றிப் பிரேக் துகளுக்கும் வரம்பு கட்டியிருப்பது இது கருதியே.

தேய்ந்தது ஒழிந்தது ஆகாது. நம் கண்ணுக்கு மறைந்த பொருள், எங்கோ ஓர் உயிரின் வழியிற் சென்று நிற்கிறது.